ரெஸ்ற் லைற் அணையுமுன்

அந்தச் சத்தத்தை உண்டாக்கியவன் நான். அதற்காக அடி வாங்கியவர் வேறு ஒருவர்.

இதை எப்போதோ நாலு பேரிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். பேச்சு எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் நான் அப்படித்தான். பஸ்ஸில் இறங்குமிடம் வந்துவிட்டால் முன்னால் நிற்பவரை விலகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கிப் பனிக்குள் திரும்பி நடந்து வருகிற ஆள். எழுதுவது கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில், கனடாவில் மோர்னிங்சைட் பக்கத்தில், ஒரு பிளாசாவின் பின்புறத்தில், கார்களுக்கு ஸ்பீக்கர் பூட்டும் கடையில் வேலை செய்தேன். கடை என்றால் ஒரு கொங்கிறீற் பெட்டி. மேலே சுருளும் இரும்புக் கதவு, உள்ளே ஒரு கார் நிற்க இடம், அவ்வளவுதான். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். முன்னால் நின்று அவர் பேசுவார், பின்னால் நின்று நான் பூட்டுவேன். எனக்கு அது வசதியாக இருந்தது. நாற்பத்திநாலு வயதில் ஒரு மனிதன் நாள் முழுக்கப் பேசாமல் சம்பளம் எடுக்கக்கூடிய வேலைகள் குறைவு.

அந்த வருடங்களில் எங்கள் இளவட்டப் பெடியள் காருக்குள் கேட்டதைப் பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அடி என்றுதான் சொல்வேன். பின்பெட்டியில் இரண்டு பெரிய ஸ்பீக்கரைப் பூட்டி, சோதித்துப் பார்க்கத் திறந்துவிட்டால் முதுகில் யாரோ முட்டியால் குத்துவது போலிருக்கும். தட்டில் கிடக்கிற நட்டுகள் துள்ளும். பல் கிட்டும். ஒருமுறை ஒரு காரின் பின்கண்ணாடி குறுக்கே வெடித்துக் கோடு விழுந்தது. அதன் சொந்தக்காரன் கைதட்டினான்.

ஒவ்வொரு அடிக்கும் அந்த ஸ்பீக்கர்கள் பற்றரியை உறிஞ்சும். முன்லைற்றுகள் மங்கி மங்கி எரியும். அதை நிற்பாட்டத்தான் கப்பாசிற்றர். ஒரு லீற்றர் சோடாப் போத்தல் அளவு, வெள்ளி நிறம், தலையில் இரண்டு திருகாணி. பெடியள் அதைப் போத்தல் என்றே சொல்வார்கள். பற்றரி கொடுப்பதை வாங்கி வைத்திருந்து, அடி விழும் கணத்தில் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும். தொட்டால் ஆளைக் கொல்லாது, பன்னிரண்டு வோல்ற்தான். ஆனால் இரண்டு திருகாணிக்கும் இடையில் ஒரு இரும்பு குறுக்கே விழுந்தால், உள்ளே இருப்பதை எல்லாம் ஒரேயடியாகக் கக்கும். இரும்பின் நுனி உருகும். மோதிரம் போட்ட விரல் அகப்பட்டால் மோதிரம் விரலோடு வேகும். அதனால் வேலைக்கு வந்ததும் என் கலியாண மோதிரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். சங்கிலி போட்ட பெடியளைப் பின்பெட்டிக்குள் குனிய விடமாட்டேன். விடமாட்டேன் என்றால் சொல்லித் தடுப்பதில்லை. நான் குறுக்கே போய் நின்றுகொள்வேன்.

பூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரின் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். போத்தலின் மைனஸைக் காரின் தகட்டில் பெயின்ற் சுரண்டிய இடத்தில் இறுக்க வேண்டும். ஃபியூஸைத் திரும்பப் போட்டபின், அந்த வயரை நேரே பிளஸ்ஸில் தொடக் கூடாது. வயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே ரெஸ்ற் லைற்றைப் பிடிக்க வேண்டும். ரெஸ்ற் லைற் என்றால் ஒரு வயரும் ஊசிமுனையும் உள்ள சின்ன பல்ப். பிடித்ததும் பளிச்சென்று எரியும். போத்தல் நிறைய நிறைய மங்கும். நிறைந்ததும் அணைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வயரைப் பூட்டலாம். கழற்றும்போதும் இதே வேலைதான்: ஃபியூஸை எடுத்துவிட்டு, போத்தலின் இரண்டு திருகாணிக்கும் இடையில் அதே பல்பைப் பிடித்தால் உள்ளே இருப்பது அதனூடாக எரிந்து தீரும். பல்ப் அணையும்வரை நிற்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தில் செய்ய வேறொன்றுமில்லை. எனக்கு அது பிடித்த வேலை.

மூன்று மணிக்கு எனக்குத் தேநீர் கொண்டுவருகிறவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிளாசாவின் முன்பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. அதன் பின்கதவு எங்கள் இரும்புக் கதவுக்கு எதிரே திறக்கும். அங்கே குசினியில் வேலை செய்த அவருக்கு முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் கடைசி இரண்டு வருடமும் ஆமியின் காவலரண்களுக்கு நடுவே இருந்துவிட்டு, கனடாவுக்கு வந்து மூன்று மாதம். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவரும் அதிகம் பேசமாட்டார். கடதாசிக் கப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பல்ப் அணையும்வரை பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் வெளியே ஒரு லொறியின் ரயர் வெடித்தது. நான் அந்தக் கணமே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். ஹெலிகொப்டரிலிருந்து சுட்ட காலத்தில் ஊரைவிட்டு வந்தவன் நான். என் உடம்புக்கு அதுதான் தெரியும். தலையைத் தூக்கினால் இவரைக் காணவில்லை. தெருவரைக்கும் ஓடிப்போய் நின்றார். திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்:

"எங்கட காலத்தில வெடி கேட்ட இடத்தில நிக்கப்படாது அண்ணை. ஆமி வந்தா நிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் அடிதான். செய்தவனும் ஒண்டு, பாத்தவனும் ஒண்டு."

"ரயர் தம்பி," என்றேன்.

"எனக்கு இப்ப தெரியுது. காலுக்குத் தெரியேல்லையே." பிறகு சிரித்தார். "நீங்கள் படுக்கிற ஆள், நான் ஓடுற ஆள்."

அந்தச் சனிக்கிழமை மார்ச் மாதம். பனி உருகி வளவெல்லாம் கறுத்த சேறு. முதலாளி சாமான் எடுக்க மிசிசாகாவுக்குப் போய்விட்டார். இரண்டரை மணிக்கு ஒரு கார் வந்து முகத்தை உள்ளே விட்டு நின்றது. பின்பெட்டி கதவுப் பக்கம். எனக்குத் தெரிந்த கார்; அதற்கு முன்பு நான்தான் ஒரு போத்தல் பூட்டியிருந்தேன். அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று பூட்ட வேண்டுமாம். சொந்தக்காரனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் விரல் தடிப்பில் சங்கிலி. புருவத்தின் குறுக்கே புதுத் தையல். இரண்டு கிழமைக்கு முன் ஒரு கோப்பிக் கடை வளவில் வேறு ஒரு கூட்டம் அவனை இழுத்துப்போட்டு அடித்து, காரின் முன்கண்ணாடியையும் நொறுக்கியிருந்தது. கண்ணாடி மாற்றியாகிவிட்டது. கதவில் விழுந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு தொலைபேசியில் யாரோ, அடுத்த முறை அடிக்க மாட்டோம், சுடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கூட வந்த இரண்டு பேரும் காரை விட்டு இறங்கியதிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்கிள், கெதியா முடிச்சுத் தாங்கோ," என்றான். "இஞ்ச கனநேரம் நிக்கேலாது."

பின்பெட்டியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். போத்தலுக்கு மேல் மூன்று பேஸ்போல் மட்டைகள் கிடந்தன. ஒன்றின் தலையில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. மூன்றையும் எடுத்துக் கதவோரச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தேன். கை நீட்டினால் எட்டுகிற இடம். அந்த இடத்தில் நானே வைத்தேன் என்பது பிறகு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

முன்னால் போய் ஃபியூஸைக் கழற்றினேன். பின்னால் வந்து ரெஸ்ற் லைற்றைப் போத்தலின் தலையில் பிடித்தேன். பல்ப் எரிந்தது.

"என்ன செய்யிறியள்?"

"உள்ளுக்கு இருக்கிறது போகோணும்," என்றேன்.

"போகட்டும், நீங்கள் கழட்டுங்கோவன்."

நான் பல்பைப் பிடித்தபடியே நின்றேன். ஒருவன் தெருப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "மச்சான், அங்கிள் கார்த்திகை விளக்கீட்டுக்கு வெளிக்கிட்டுட்டார்." மற்றவன் சிரித்தான். "லைற்றப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கும் சம்பளமோ அங்கிள்? நானும் வாறன் உந்த வேலைக்கு."

சொந்தக்காரன் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என் காதுக்குக் கிட்டே, "கம் ஆன், கம் ஆன், கம் ஆன்," என்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

'ஒரு நிமிசம் பொறுங்கோ தம்பி.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பல்ப் பாதி மங்கியிருந்தது. பாதிதானே போய்விட்டது என்று நினைத்து அதை எடுத்துவிட்டு, ஸ்பானரைப் பிளஸ் நட்டில் போட்டுத் திருப்பினேன். அதன் மறுமுனை போய் மைனஸ் திருகாணியில் இடித்தது.

கொங்கிறீற் பெட்டிக்குள் அது வெடியேதான். கண்ணுக்குள் வெள்ளை பாய்ந்தது. நான் நிலத்தில் கிடந்தேன், எண்ணெய்ச் சீமெந்தில் கன்னம், தலைக்கு மேல் கைகள். அந்த மூன்று பேரும் காருக்கு அந்தப் பக்கம் பதுங்கியிருந்தார்கள்.

"சுட்டுப்போட்டாங்கள்! சுட்டுப்போட்டாங்கள்!"

"யாரடா? எங்கயடா?"

தலையைத் தூக்கினேன். எதிரே, சாப்பாட்டுக் கடையின் பின்கதவருகில், ஒரு கடதாசிக் கப் சேற்றில் உருண்டுகொண்டிருந்தது. மணி மூன்று. எனக்குத் தேநீர் கொண்டு வந்தவர் தெருப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். குனிந்து, இரண்டு கையும் நெஞ்சோடு சேர்த்து, திரும்பிப் பார்க்காமல். எதையோ ஒளித்துக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி.

"அந்தா ஓடுறான்! உவன்தான்! பிடி!"

மூன்று கைகள் சுவருக்கு நீண்டன. மூன்று மட்டையும் போயின.

குப்பைத் தொட்டிக்குக் கிட்டேயே பிடித்துவிட்டார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. தடித்த ஜக்கெற்றில் பட்டதால் பாய் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. இரண்டாவது கையில். அது வேறு சத்தம். தடியை முழங்காலில் வைத்து முறிப்பது போல. அவர் இரும்புத் தொட்டியில் முகம் மோதி விழுந்தார்.

"சாமான் எங்கயடா? எங்க எறிஞ்சனீ?"

"நான் ரீ குடுக்கிறவன் அண்ணை! ரீ குடுக்கிறவன்!" தன்னைவிட எட்டு வயது இளையவனை அண்ணை என்று கூப்பிட்டார்.

"துவக்கு எங்கயடா நாயே?"

இல்லாத துவக்கை எப்படிக் கொடுப்பது? ஜக்கெற்றைப் பிய்த்துத் தேடினார்கள். கிடைக்காததால் இன்னும் அடித்தார்கள். சொந்தக்காரன் புருவத்துத் தையல் பிரிந்து அவன் முகத்திலும் ரத்தம். அது தன்மீது பட்ட துவக்குச் சூடு என்று நினைத்தானோ தெரியாது. அதைத் துடைத்துக் கையைப் பார்த்தபின் அவன் மட்டையைத் தூக்கிய உயரம் கூடியது. விழுந்து கிடந்தவரின் காலை ஒருவன் மிதித்துப் பிடித்துக்கொண்டான். தலையை மூட அவருக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது.

நான் ஓடிப்போனேன். 'அது நான், அது என்ர ஸ்பானர்' என்று கத்தத்தான் ஓடினேன். வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. மட்டை தூக்கிய ஒரு கையைப் பின்னாலிருந்து பிடித்தேன். அவன் என்னைப் பார்க்காமலே முழங்கையால் இடித்தான். முன்பல் ஒன்று முறிந்து நாக்கில் கிடந்தது.

"தள்ளி நில்லுங்கோ அங்கிள்! உங்களையும் சுடுவான்!"

என்னைக் காப்பாற்றுகிறானாம்.

"அது துவக்கில்லை," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த குரல், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்கிற மெல்லிய குரல்.

"உங்களுக்குத் தெரியாது. நான் கேட்டனான். சூடு!"

அவன் கேட்டது உண்மை. மூன்று பேரும் காதால் கேட்டிருந்தார்கள். கேட்ட காதுக்கு என் வாய் போதாது. கீழே கிடந்தவர் இப்போது ரீ என்றும் சொல்லவில்லை. அவரது செவியிலிருந்து ரத்தம் சேற்றுக்குள் போனது. இன்னும் இரண்டு மூன்று அடி தலையில் விழுந்தால் ஆள் முடிந்துவிடுவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பிக் கடைக்குள் ஓடினேன். ஏன் ஓடுகிறேன் என்று கால்களுக்கு முதலே தெரிந்துவிட்டது போலிருந்தது. காரின் முன்னால் போய், கழற்றிய ஃபியூஸை எடுத்து அதன் கூட்டுக்குள் அப்படியே அமுக்கினேன். லைற் இல்லை, காத்திருத்தல் இல்லை. நீலமாகப் பொறி தெறித்தது. பின்பெட்டிக்குள் போத்தல் ஒரே மடக்கில் நிறைந்திருக்கும். இரும்புக் கதவு அரைவாசிதான் திறந்திருந்தது. அதை முழுதாக மேலே தள்ளினேன். பின்பெட்டிக்கு வந்தேன். கீழே கிடந்த ஸ்பானரை எடுத்தேன். செய்யக் கூடாது என்று எத்தனையோ தடவை குறுக்கே போய் நின்று தடுத்ததை, இரண்டு கையாலும் பிடித்து, நானே வேண்டுமென்று வைத்தேன்.

முதல் வெடி பாதிப் போத்தல். இது முழுப் போத்தல், அதோடு பற்றரியும். சத்தம் பிளாசாவின் சுவரில் அடித்துத் திரும்பி வந்தது. உருகிய செம்பு என் வலது உள்ளங்கையில் தெறித்து இறைச்சி மணத்தது. ஸ்பானர் திருகாணியில் ஒட்டிக்கொண்டது. ஃபியூஸ் போகும்வரை அது சிவந்து எரிந்தது. என் கையும் அதோடு இருந்தது. இந்த முறை நான் படுக்கவில்லை. உடம்பு படு என்றது. நான் நின்றேன்.

படுத்தவர்கள் அவர்கள். சொந்தக்காரன் சேற்றில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு கிடந்தான். பன்னிரண்டு வயதுவரை ஊரில் இருந்தவன் என்று பிறகு அறிந்தேன். மற்ற இருவரும் தொட்டிக்குப் பின்னால் பாய்ந்தார்கள். மட்டை ஒன்று தனியாக உருண்டு வந்து தண்ணீர்க் குழியில் நின்றது.

பிறகு சொந்தக்காரன் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தான். பின்பெட்டி லைற்றின் கீழ் நான் நின்றேன். போத்தலிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள்... உதோ?"

"ஓம்," என்றேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. வளவு முழுக்கக் கேட்டது. "உதுதான்! முதலும் உதுதான்! நான்தான்ரா!"

அவன் தன் பக்கத்தில் கிடந்தவரைப் பார்த்தான். எழும்பப் பார்த்து, முடியாமல், சேற்றிலேயே இருந்துவிட்டான். மற்ற இருவரும் வேலி பாய்ந்து ஓடிவிட்டார்கள். சாப்பாட்டுக் கடைக்கார அக்கா பின்கதவைத் திறந்து, பார்த்து, கத்திக் குளறினார். அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தது அவர்தான். பொலிஸ் வந்தபோதும் அவன் அந்த இடத்திலேயே இருந்தான். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பொலிஸ்காரர் என்னிடம் என்ன நடந்தது என்று மூன்று தடவை கேட்டார். அவருக்குப் போத்தல் விளங்கவில்லை. கடைசியில் என் கைக்குக் கட்டுப்போட்ட நர்ஸ்தான் காயத்தைப் பார்த்துவிட்டு, இது துவக்குச் சூட்டுக் காயமில்லை, உலோகம் உருகிய காயம் என்று அவருக்குச் சொன்னாள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் உயிரோடு இருந்தார். இரண்டு இடத்தில் முறிந்த வலது கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தலையில் பாதி மயிரைச் சிரைத்துத் தைத்திருந்தார்கள். வலது கண் வீங்கி மூடியிருந்தது. ஒரு செவி இனிக் கேட்காதாம்.

"வாங்கோ அண்ணை," என்றார். "நான் ஏன் ஓடினன் எண்டுதான் படுத்திருந்து யோசிக்கிறன். உங்களை மாதிரிப் படுத்திருக்கலாம்."

சம்பவத்தை யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் எங்கோ கார் வெடித்தது என்றுதான் நினைத்திருந்தார். நான் சொன்னேன். நின்றபடியே, அவரது கேட்கிற செவிப் பக்கம் போய் நின்று, சொன்னேன். மட்டைகளை நான் சாத்தி வைத்ததைச் சொன்னேன். பெடியள் பகிடி விட்டதைச் சொன்னேன். வாய் திறக்க வெட்கப்பட்டு லைற்றை எடுத்ததைச் சொன்னேன். இரண்டாவது வெடியைப் பற்றிச் சொல்லவில்லை. அது வெடித்தபோது அவர் மயங்கிக் கிடந்தார். அதைச் சொல்லி அவரிடம் நன்றியோ மன்னிப்போ வாங்கவும் நான் விரும்பவில்லை.

அவர் என்னைக் கிட்ட வரச் சொன்னார். குனிந்தேன். இடது கையால் கன்னத்தில் அறைந்தார். பழக்கமில்லாத கை. ஆனாலும் குறி தப்பாமல் விழுந்தது. பல் போன பக்கம். கண் கலங்கிவிட்டது. அடித்த வேகத்தில் அவரது முறிந்த கையும் ஆடியிருக்க வேண்டும். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

நான் நிமிர்ந்து கதவுப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறியள்? இருங்கோ," என்றார்.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்த லைற் அணையிறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருந்தது?"

"அரை நிமிசம் இருக்கும் தம்பி," என்றேன்.